‘ரன்’ என்னும் சிறு சொல்லின் வரலாறு



ஆங்கில மொழியில் மூன்றே எழுத்துகளால் ஆகிய வினைச்சொல் ஒன்று உண்டு. அதனை அறியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. தென்னை மட்டையைக் கையிற் பிடித்துத் தெருவில் பந்தாடும் சிறுவன்கூட, ‘இரண்டு ரன்’ என்று கூவுகின்றான். ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று தொடக்கப் பள்ளியிலேயே கற்பித்துவிடுகிறோம். அத்துடன் அச்சொல்லைக் கற்பிக்கும் வேலை தீர்ந்தது என்றும் எண்ணிக்கொள்கிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தினால் ஒரு மாணவனுக்கு நான் இழைத்த பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். அப்பிழைதான் பின்னர் இச்சொல்லின் வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியது.

1993ஆம் ஆண்டு. பதினோராம் வகுப்புக்கு நான் ஆங்கில ஆசிரியன். அரையாண்டுத் தேர்வில் ஆபிரகாம் லிங்கனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். 1860ஆம் ஆண்டில் லிங்கன் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார் என்பதை எழுத வந்த ஒரு மாணவன், ‘போட்டியிட்டார்’ என்னும் இடத்தில் ‘ரன்’ என்பதன் இறந்தகால வடிவமாகிய ‘ரேன்’ என்பதை இட்டிருந்தான். தேர்தலில் ஒருவர் நிற்பார், ஓடமாட்டார். இது நான் கற்ற பாடம். ஆகவே அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ‘நின்றார்’ என்று பொருள்படும் ‘ஸ்டுட்’ என்பதை மேலே எழுதி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்று, “ஐயா, நான் இதை ஒரு புத்தகத்திற் பார்த்தேன்” என்றான். “லிங்கன் எங்கே ஓடினார்? யார் துரத்தினார்கள்?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அத்தேர்வில் ஆங்கிலத்தில் முதல்வனாக வருபவனுக்கு ஒரு பரிசு வைத்திருந்தோம். அதனை அவன் அந்த ஒரு மதிப்பெண்ணால் இழந்தான்.

சில ஆண்டுகள் சென்றபின், ஒரு கல்லூரி நூலகத்தில் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. வேறொரு சொல்லைத் தேடிச் சென்றவன் ‘ரன்’ என்னும் சொல் தொடங்கும் பக்கத்தில் நின்றுவிட்டேன். அச்சொல் அந்தப் பக்கத்தோடு முடியவில்லை. பக்கத்துக்கு மூன்று பத்திகளாக, கண்ணை உறுத்தும் சிற்றெழுத்தில், பக்கம் பக்கமாக அது நீண்டுகொண்டே சென்றது. அவ்வளவு பொருள்களுக்கு நடுவே, தேர்தலிற் போட்டியிடுதல் என்னும் பொருளும் உரிய மேற்கோள்களுடன் அமர்ந்திருந்தது. அன்று மாலை நான் வீட்டுக்கு எவ்வாறு திரும்பினேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். ஆங்கிலத்திற்கு உறவான ஜெர்மானிய மொழிகளின் பழைய நிலையில், இதற்கு மூலமான வினை இரண்டு வடிவங்களில் வழங்கிற்று. ஒன்று, தானே ஓடுவதைக் குறித்தது. மற்றொன்று, பிறிதொன்றை ஓடச் செய்வதைக் குறித்தது. தமிழ் மாணவருக்கு இதனை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. ஓடு, ஓட்டு என்னும் இரண்டும் நம்மிடம் உள்ளன. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பழைய ஆங்கிலத்தில் ‘இர்னன்’ என்பது ஓடுதலையும், ‘ஆர்னன்’ என்பது ஓட்டுதலையும், சிறப்பாகக் குதிரையை விரைந்து செலுத்துதலையும் உணர்த்தின. மூலச்சொல்லில் முதலில் நின்ற ரகரம் இங்கே உயிரெழுத்துக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது. தசை என்பது சதை என்று ஆவதுபோன்ற எழுத்து நிலைமாற்றம் இது. பின்னர், 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பேச்சில் இருந்த உறவுச் சொற்களின் துணையால், ரகரம் மீண்டும் தன் பழைய இடத்தைப் பெற்றது. நாம் இன்று எழுதும் வடிவம் நிலைபெற்றதோ 16ஆம் நூற்றாண்டையொட்டித்தான்.

இந்த நீண்ட பயணத்தில் தன்வினையும் பிறவினையும் ஒரே உருவத்திற் கலந்துபோயின. தமிழில் குதிரை ஓடும். வீரன் அதனை ஓட்டுவான். ஆங்கிலத்திலோ குதிரையும் ‘ரன்’ செய்யும். அதன் மேல் ஏறியவனும் அதனை ‘ரன்’ செய்வான். ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகும் அல்லவா? இச்சொல்லின் பொருட்பெருக்கத்துக்கு இக்கலப்பே முதற் காரணம் என்பது என் கருத்து.

கால்களால் ஓடுவதே இதன் முதற்பொருள் என்றும், மற்றவையெல்லாம் பிற்காலத்து உவமைகள் என்றும் நாம் நினைக்கக்கூடும். அது முழுதும் சரியன்று. நீர் ஓடுதலும் மிகப் பழைய பொருளே. இன்றைய ஜெர்மன் மொழியில் இதே வேரினின்று வந்த ‘ரென்னன்’ ஓடுதலையும், ‘ரின்னன்’ நீர் ஒழுகுதலையும் குறிக்கின்றன. ஆகவே ஆறு ஓடுவதும், கண்ணீர் ஓடுவதும், குருதி ஓடுவதும் இச்சொல்லுக்குத் தொடக்கக் காலத்துச் சொத்துகள். நமக்கும் இது வியப்பன்று. ஓடுவதனால் அன்றோ ‘ஓடை’ என்று பெயர் வைத்தோம்!

ஆற்றிலிருந்து கடலுக்கு வருவோம். பிரிட்டன் ஒரு தீவு. அதன் மக்களின் செல்வமும் களவும் கடல் வழியே வந்தன. கப்பல் காற்றோடு செல்வதற்கும் இதே வினை. கப்பலைக் கரைமேல் மோதவிடுவதற்கும் இதே வினை. 18ஆம் நூற்றாண்டில் தேயிலைக்கும் பிராந்திக்கும் சரிகைப் பட்டுக்கும் அரசாங்கம் கடுமையான தீர்வை விதித்தது. தெற்குக் கடற்கரைகளில் இரவு நேரங்களில் தீர்வை கட்டாத சரக்குகள் இறங்கின. அச்சரக்குகளைக் காவலர் கண்ணிற் படாமற் கரைசேர்ப்பதைக் கள்ளக் கடத்தல்காரர் ‘ரன்’ என்றனர். நாளடைவில் சுங்கச் சட்டங்களை எழுதிய வழக்கறிஞரும் அச்சொல்லையே கையாள நேர்ந்தது. கள்வனுடைய சொல் மன்னருடைய முத்திரையின் கீழ் ஏறிவிட்டது. கொச்சை என்றும் செம்மை என்றும் நாம் கட்டும் சுவரின் உயரம் எவ்வளவு என்பதை இங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருள் அங்கேயே தங்கிவிடவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861ஆம் ஆண்டில், தென் மாநிலங்களின் துறைமுகங்களைக் கப்பற்படையால் அடைக்குமாறு லிங்கன் ஆணையிட்டார். அந்த அடைப்பை ஊடுருவிப் பருத்தியை வெளியே கொண்டுசென்று, துப்பாக்கிகளை உள்ளே கொண்டுவந்த விரைவுக் கப்பல்களுக்கும் ‘ரன்னர்’ என்றே பெயர். பின்னர் 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, சாராயம் கடத்தியவர்களும் அப்பெயரைப் பெற்றார்கள். பதவிக்கு ‘ஓடிய’ லிங்கனே பிறகு ‘ஓடுவோரை’ மறிக்க வேண்டியிருந்தது என்பதை நான் என் மாணவனிடம் அன்றே சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அது தெரியாதே!

கள்வர் இருந்தால் காவலரும் இருப்பர். 1749ஆம் ஆண்டில், ஹென்றி பீல்டிங் என்னும் நீதிபதி லண்டன் மாநகரின் போ தெருவிலிருந்த தம் நீதிமன்றத்தைச் சார்ந்து, திருடர்களைப் பிடிக்க ஒரு சிறு குழுவை அமைத்தார். ‘டாம் ஜோன்ஸ்’ என்னும் புகழ்பெற்ற நாவலை இயற்றியவரும் இவரே. அக்குழுவினரை மக்கள் ‘போ தெரு ரன்னர்கள்’ என்றழைத்தனர். அவர்கள் அப்பெயரை விரும்பவில்லை. ஏவலுக்கு ஓடுபவன் என்னும் இழிவு அதில் தொனித்தது. எனினும் குழு கலைக்கப்பட்டு மிக நெடுங்காலம் ஆகியும், வரலாற்று நூல்களில் நிலைத்திருப்பது அந்த விரும்பாப் பெயரே.

1797ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் படையின் ஒரு பிரிவு வேல்ஸ் நாட்டின் பிஷ்கார்டு என்னும் ஊருக்கு அருகே கரையிறங்கிற்று. படை சிறியது, விரைவில் சரணடைந்தது. ஆயினும் செய்தி பரவியவுடன் மக்கள் தாள் நாணயங்களைக் கொடுத்துப் பொன்னாக மாற்றிக்கொள்ள வங்கிகளுக்கு விரைந்தனர். இங்கிலாந்து வங்கி பொன் கொடுப்பதை நிறுத்தும்படி அரசாங்கம் ஆணையிட்டது. 1821ஆம் ஆண்டில்தான் அது பழைய நிலைக்குத் திரும்பியது. இவ்வாறு பணம் போட்டவர்கள் அஞ்சி ஒரே வேளையில் வங்கியை மொய்ப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றே பெயர். அச்சத்தால் மக்கள் ஓடிய ஓட்டம் பொருளியல் நூலில் ஒரு கலைச்சொல்லாயிற்று.

இத்தகைய சொல்லைக் கண்டு அகராதி எழுதுவோர் அஞ்சாமல் இருப்பரோ? 1755ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தம்மை மிகவும் வருத்திய வினைச்சொற்கள் சிலவற்றை அதன் முன்னுரையிற் பெயர் கூறிக் குறிப்பிட்டுள்ளார். அரிய சொற்களும் கிரேக்கச் சொற்களும் அவரை வருத்தவில்லை. வா, போ, கொடு, எடு, வை போன்ற பொருளுடைய அன்றாடச் சொற்களே வருத்தின. அவற்றுள் ‘ரன்’ என்பதும் ஒன்று. அவற்றின் பொருள்கள் முதற்கருத்தினின்று மிகத் தொலைவு விலகிச் சென்றுவிட்டமையால் வழி கண்டுபிடிப்பது அரிதாயிற்று என்பது அவர் முறையீடு. ஜான்சனும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் வைத்து நடத்தியவர். மாணவர் வாராமையால் அதனை மூடியவர். அதனால் அவரிடம் எனக்குத் தனிப்பரிவு உண்டு.

ஜான்சன் தமக்குத் தகுதியற்றவை என்று தோன்றிய சொற்களை ‘இழிந்தவை’ என்று முத்திரையிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1785ஆம் ஆண்டில், பிரான்சிஸ் குரோஸ் என்பவர் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தார். இழிவழக்குகளுக்கென்றே ஒரு தனி அகராதியை வெளியிட்டார். அவர் படையில் இருந்தவர். பருத்த உடலும் நகைச்சுவையும் உடையவர். இரவு வேளைகளில் லண்டனின் மதுக்கடைகளிலும் சந்துகளிலும் அலைந்து, கேட்ட சொற்களைக் குறித்துக்கொண்டார். அவருடைய நூலில், செய்தித்தாள்களையும் வழக்கு விவரங்களையும் தூக்கிலிடப்படுவோரின் கடைசிப் பேச்சுகளையும் தெருத்தெருவாகக் கூவி விற்போருக்கு ‘ஓடும் புத்தக வணிகர்’ என்னும் பொருளில் ஒரு பெயர் காணப்படுகிறது. அதில் வேறு சிலவும் உண்டு; அவற்றை வானொலியில் சொல்வது முறையன்று.

அடுத்துவந்தது இயந்திரங்களின் காலம். நீர்ச்சக்கரத்தால் இயங்கிய நூற்பாலையை ஆர்க்ரைட் 1771ஆம் ஆண்டில் கிராம்போர்டு என்னும் ஊரில் அமைத்தார். சக்கரம் ‘ஓடியது’, ஆகவே ஆலையும் ‘ஓடியது’, ஆலையை நிர்வகித்தவன் அதனை ‘ஓட்டினான்’. 1830ஆம் ஆண்டில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு, வண்டிகள் கால அட்டவணைப்படி ஓடலாயின. கடையை, பள்ளியை, நாட்டையேகூட ‘ஓட்டுவது’ என்னும் பேச்சு ஆங்கிலத்தில் வேரூன்றிப் பெருகியது. இந்நாளில் கணிப்பொறியில் ஒரு நிரலை இயக்குவதற்கும் அச்சொல்லே பயன்படுகிறது. கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் அதனைத் தமிழ்ப்பேச்சிலேயே கலந்து, ‘ரன் ஆகிறது’, ‘ரன் ஆகவில்லை’ என்கிறீர்கள். இச்சொல்லை வளர்த்தவை இயந்திரங்களே என்று சிலர் முடிவு கட்டுவர். அதனை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆறும் குதிரையும் கப்பலும் முன்பே பாதை போட்டிருந்தன. இயந்திரம் அப்பாதையில் மிக விரைந்து சென்றது, அவ்வளவே.

கிரிக்கெட்டையும் விட்டுவிடலாகாது. 1744ஆம் ஆண்டிலேயே அவ்வாட்டத்திற்கு எழுதப்பட்ட விதிகள் இருந்தன. அக்காலத்தில் கணக்கெழுதுபவர் ஒரு கோலை வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் ஓடி முடித்த ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு வெட்டு வெட்டுவார். ஆகவே ஓட்டங்களை ‘வெட்டு’ என்றே எண்ணினார்கள். கோல் போய்த் தாள் வந்தபின் வெட்டும் மறைந்தது, ஓட்டம் நின்றது. பந்து எல்லையைக் கடந்துவிட்டால் ஆட்டக்காரர் ஓர் அடிகூட எடுத்துவைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவருக்கு நான்கு ‘ரன்’. ஓடாமலே ஓடியதாகக் கணக்கிடும் இவ்வினோதத்தை எவரும் வினோதமாக நினைப்பதில்லை.

இனி என் மாணவனின் சொல்லுக்கு வருகிறேன். பிரிட்டனில் தேர்தல் வேட்பாளர் நிற்கிறார். நம் நாட்டு ஆங்கிலம் பிரிட்டனைப் பின்பற்றியது. தமிழிலும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்றே சொல்கிறோம். அமெரிக்கரோ 19ஆம் நூற்றாண்டிலிருந்து ‘ஓடுகிறார்’ என்று சொல்லி வந்தனர். அவர்களுடைய அரசியற் பேச்சில் குதிரைப் பந்தயத்தின் மணம் வீசும். குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவரோடு துணைத்தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவரை ‘ரன்னிங் மேட்’ என்பர். பந்தயத்தில் ஒரு குதிரைக்குத் துணையாக, ஓட்டத்தின் வேகத்தை வகுத்துக் கொடுப்பதற்காக, அதே இலாயத்திலிருந்து விடப்படும் மற்றொரு குதிரைக்கு முதலில் அப்பெயர் வழங்கிற்று. போட்டியைப் பந்தயமாகக் கண்டவர்கள் வேட்பாளரை ஓடவிட்டனர். மக்கள் முன்னிலையில் ஒருவர் எழுந்து நிற்பதாகக் கண்டவர்கள் நிற்கவைத்தனர். இரண்டில் எது சரி என்று கேட்பதற்கு இடமே இல்லை. பதினோராம் வகுப்பு ஆசிரியனாகிய நான் அன்று அந்தக் கேள்வியையே கேட்டு, தீர்ப்பையும் எழுதிவிட்டேன்.

தீர்ப்பெழுதுவது சொல்லாராய்ச்சியாளனின் வேலையன்று என்னும் கருத்தை 1857ஆம் ஆண்டிலேயே ஒரு பாதிரியார் லண்டன் மொழியியற் கழகத்தில் எடுத்துரைத்தார். அவர் பெயர் ரிச்சர்டு செனவிக்ஸ் டிரெஞ்சு. நல்ல சொல்லென்றும் தீய சொல்லென்றும் பாராமல், மொழியில் வழங்கிய எல்லாவற்றையும் அகராதி பதிவு செய்ய வேண்டும். அகராதி ஆசிரியன் மொழியின் வரலாற்றை எழுதுபவனே என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின்மேல் எழுந்ததே ஆக்ஸ்போர்டு அகராதி. அதற்கு உருக்கொடுத்த ஜேம்ஸ் மர்ரே ஒரு பள்ளி ஆசிரியர். 1837ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, 14ஆம் வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டவர். தாமே பல மொழிகளைக் கற்று ஆசிரியரானார். 1879ஆம் ஆண்டில் அவர் அகராதிப் பணியை ஏற்றபோது, பத்து ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று எண்ணினார்கள். பள்ளி வளாகத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை அமைத்து, சுவர் நெடுகச் சிறு அறைகளுடைய மாடங்களை வைத்தார். நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் தாள்துண்டில் எழுதி, நூற்பெயரும் ஆண்டும் குறித்து அனுப்புமாறு பொதுமக்களை வேண்டிக்கொண்டார். இலட்சக்கணக்கான துண்டுகள் அஞ்சலில் வந்து குவிந்தன. அவருக்குப் பிள்ளைகள் பதினொருவர். கைச்செலவுக்குக் காசு பெற்றுக்கொண்டு அவர்களும் துண்டுகளை அகர வரிசையில் அடுக்கினார்கள்.

ஒரு சொல்லுக்குரிய துண்டுகளையெல்லாம் மேசைமேற் பரப்பி, பொருள் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மிகப் பழைய மேற்கோளை முதலில் வைத்து, எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருள் கிளைத்தது என்று காண்பதே அவர்கள் முறை. ‘ரன்’ போன்ற சொல்லுக்கு அம்மேசை போதாது என்பதைச் சொல்ல வேண்டுமோ! ரகரத்தில் தொடங்கும் சொற்களை எழுதும் பொறுப்பு மர்ரேயின் துணைவர்களுள் ஒருவராகிய வில்லியம் கிரெய்கிக்கு அமைந்தது. பின்னாளில் அவர் அமெரிக்காவுக்குச் சென்று, அந்நாட்டு ஆங்கிலத்துக்கென்றே நான்கு தொகுதிகளில் ஓர் அகராதியைத் தொகுத்தார். அது 1938 முதல் 1944 வரை வெளிவந்தது. அமெரிக்க வழக்கை ஆங்கிலத்தின் பிழையாகக் கருதாமல் அதற்குத் தனி வரலாறு உண்டு என்று கொண்ட அறிஞர் அவர். அவருடைய விடைத்தாளாக இருந்திருந்தால் என் மாணவன் பரிசு பெற்றிருப்பான்.

மர்ரே தம் நூல் முற்றுப்பெறுவதைக் காணவில்லை. 1915ஆம் ஆண்டில் மறைந்தார். பத்து ஆண்டுகளில் முடியும் என்ற பணி 1928ஆம் ஆண்டில் முடிந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அந்நூலில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் ‘ரன்’ அன்று. வைத்தல், அமைத்தல் முதலிய பொருளுடைய ‘செட்’ என்பதே. 1989ஆம் ஆண்டில் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430 பொருள்கள். பின்னர் அகராதி முழுவதையும் புதுப்பிக்கத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் ‘மேக்’ என்னும் வினையும், 2007ஆம் ஆண்டில் ‘புட்’ என்னும் வினையும் முந்தின. 2011ஆம் ஆண்டில் ‘ரன்’ புதுப்பிக்கப்பட்டது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியர் அவ்வொரு சொல்லில் ஒன்பது மாதங்கள் உழைத்தார். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் எனக் கணக்கிடப்பட்டது. ‘செட்’ அப்போது இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் அடுத்த பிறந்தநாள் வரை வளர்ந்த உயரத்தையும், மற்றவரின் பழைய உயரத்தையும் ஒப்பிட்ட கதைதான் அது.

645 பொருள்கள் என்றவுடன் மனப்பாடம் செய்யத் தாளையும் எழுதுகோலையும் தேடும் மாணவர்கள் இருப்பார்கள். வேண்டாம். ஆங்கிலேயர்களுள் எவரும் அவற்றை மனப்பாடம் செய்தவர் அல்லர். பக்கத்திலிருக்கும் சொல் பொருளைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் மூக்கு ‘ஓடும்’; தமிழில் அது ஒழுகும். ஆங்கிலத்தில் துணியின் சாயம் ‘ஓடும்’. தமிழில் அது போகும். ஆங்கிலத்தில் கடையை ‘ஓட்டுவர்’. நாமோ கடையை நடத்துகிறோம். அவர்கள் ஓடவிடும் இடத்தில் நாம் நடக்கவிடுகிறோம்! என் வகுப்பில் ஒருவன், சளி பிடித்த சிறுவனைப் பற்றிய வாக்கியத்தை, ‘அவன் மூக்கு ஓடுகிறது’ என்று மொழிபெயர்த்தான். அதற்கும் வகுப்பு சிரித்தது; அன்று நானும் சிரித்தேன். ஆனால் தமிழ் கற்க வரும் ஓர் ஆங்கிலேயரின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். ‘திரைப்படம் நூறு நாள் ஓடிற்று’ என்பதை அவர் எளிதில் புரிந்துகொள்வார். ‘எனக்கு ஒன்றும் ஓடவில்லை’ என்று நாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், என்ன ஓடவில்லை என்று அவர் தேடத்தான் செய்வார்.

ஒரு பொருள் கொச்சையா செம்மையா என்பதைக் காலமும் இடமும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பிரிட்டனில் ஒருவரைக் காவலர் பிடித்துக்கொண்டு போவதற்கு இச்சொல்லால் அமைந்த ஒரு தொடர் 19ஆம் நூற்றாண்டின் பேச்சுவழக்கு. உணவு விடுதியில் உண்டுவிட்டுப் பணம் கொடாமல் நழுவுவதற்கு வழங்கும் தொடரோ நம் காலத்துக் கொச்சை. தேர்வில் இவற்றை எழுதினால் மதிப்பெண் குறையும், குறைக்கவும் வேண்டும். நண்பனோடு பேசும்போது எவரும் குறைப்பதில்லை. நான் அன்று செய்த பிழை கொச்சையைக் கண்டித்தது அன்று. நான் அறியாததைக் கொச்சை என்றும், பிழை என்றும் எண்ணியதே.

பல ஆண்டுகளுக்குப் பின், ஓர் உறவினர் திருமணத்தில் அந்த மாணவரைச் சந்தித்தேன். தலை சற்று நரைத்திருந்தது. ஒரு வங்கியில் பணிபுரிவதாகச் சொன்னார். பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்தார். நான் தயங்கித் தயங்கி லிங்கன் கட்டுரையை நினைவுபடுத்தி, “தம்பி, அன்று நீ எழுதியது சரி, நான் அடித்ததுதான் தவறு” என்றேன். அவர் சிறிது யோசித்தார். “மதிப்பெண் குறைத்தீர்களா, ஐயா? அது எனக்கு நினைவில்லையே” என்றார். பரிசும் நினைவில்லை என்றார். பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே, “எல்லாரும் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது” என்றார்.